கண்ணாடி வாங்கப் போன இடத்தில்

என் கணவருக்குக் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டி. சில வருடங்களுக்கு முன் பார்வை மங்குகிறது என்றார். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று திருவண்ணாமலைக்குக் கூட்டிப் போனேன்.

கண்ணைச் சோதித்த டாக்டர், அவருடைய உயரத்தையும் நீண்ட விரல்களையும் கவனித்தார். "கண்ணுக்குள்ள லென்ஸ் நகர்ந்திருக்கு. உங்க வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு தவறிட்டாங்களா?"

"எங்க அண்ணன்ங்க. மூட்டை தூக்கறப்போ நெஞ்சைப் புடிச்சிக்கினு விழுந்துட்டார்" என்றார் என் கணவர்.

டாக்டர் உடனே மெட்ராஸுக்கு அனுப்பினார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, பரம்பரையாக வருவது, பாரம் தூக்கினால் கிழிந்துவிடலாம் என்றார்கள் அங்கே. அந்த உயரமும் நீண்ட விரல்களும் நகர்ந்த லென்ஸும் இந்த நோயின் அடையாளங்களாம். மாத்திரையில்தான் ஓடுகிறது. அவர் மூட்டைப் பக்கம் நகர்ந்தாலே நான் எழுந்துவிடுகிறேன்.

அவருடைய அண்ணன் பிள்ளைகளையும் எங்கள் மகளையும் வருடம் தவறாமல் நெஞ்சுப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறேன். "பொண்ணு அப்பா மாதிரியே நல்லா உயரமா வளர்றா" என்று யாராவது சொன்னால் முன்பு பூரித்துப்போவேன். இப்போது சிரித்துவிட்டு, அடுத்த பரிசோதனை எப்போது என்று யோசிக்கிறேன்.