மூன்று விரல் திறந்த வாய்

கடம்பத்தூர் ஸ்டேஷனில் நின்றிருந்தபோது, என்னோடு வேலை பார்த்த ஹமீதாவின் தம்பி போன் செய்தான். "செல்விக்கா, அக்கா மவுத்தாயிட்டாங்க" என்றான். ஹமீதா போய்விட்டாள். வந்த ரயிலை விட்டுவிட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன்.

திருவள்ளூரில் எங்கள் பிசியோதெரபி பயிற்சி வகுப்பில் அவளிடம் படித்த நீங்கள் அந்தக் கம்ப்யூட்டர் மண்டையோட்டை மறந்திருக்க மாட்டீர்கள். நிஜ மண்டையோட்டைத் தொட நீங்கள் பயந்தீர்கள் என்று எங்கோ அலைந்து அந்த சிடியை வாங்கி வந்தாள். மவுஸை இழுத்தால் தலை சுழலும்; ஒரு பொத்தானை அழுத்தினால் வாய் திறக்கும். "தலையில அத்தினி எலும்பும் சும்மா குந்திக்கினு கீது. கீழ்த்தாடை ஒண்ணுதான் டூட்டி பாக்குது. நம்ம செல்விக்கு ஓவர்டைம் வேற!" என்பாள். ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த தோழி நான். வகுப்புக்கு வகுப்பு நான் வாயாடி என்று சொல்லி என் மானத்தை வாங்குவாள்.

திரையில் தாடை திறக்கும்போது, நாமும் காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறக்க வேண்டும். மூட்டு உருண்டு முன்னால் நழுவுவது விரலுக்குத் தெரியும். டீ கொண்டுவந்தவர், "இன்னாம்மா, எல்லாரும் ஒண்ணா கொட்டாவி வுட்றீங்க?" என்று கேட்டுவிட்டார். அன்று பாடமே நடக்கவில்லை.

"அவங்கவங்க விரல் மூணு, ஒண்ணுமேல ஒண்ணா, வாய்க்குள்ள போவணும். போவலைனா டாக்டர்கிட்ட காட்டணும்" என்று அவளே சொல்லிக் கொடுத்த பாடத்தில்தான், ஒருநாள் அவள் வாய்க்குள் இரண்டு விரலே போயிற்று. நான்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வாய்க்குள் புற்று. வெற்றிலைகூடப் போடாதவளுக்கு! இது என்ன நியாயம்?

சிகிச்சைக்குப் பிறகு ஒரு விரல்கூட நுழையவில்லை. கஞ்சியை உறிஞ்சிக் குடித்துவிட்டு வகுப்புக்கு வந்தாள். பல்லைப் பிரிக்காமலே பேசினாள். பொத்தானை அழுத்தி, "எனக்குப் பதிலா அது தொறக்குது, பாருங்கடி" என்றாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

அந்தப் போன் வந்த அன்று அவள் வீட்டுக்குப் போனேன்; அவள் தாடையை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். "அத ஏன் கட்டினீங்க? உசுரோட இருக்கசொல்லவே அது தொறக்கலையே!" என்று கத்திவிட்டேன். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வழக்கம்மா, வுடு" என்றார்.

அந்த சிடி இப்போது என்னிடம் இருக்கிறது. தாடைப் பாடத்தையும் நான்தான் எடுக்கிறேன். பிள்ளைகளோடு நானும் விரல் வைத்துப் பார்க்கிறேன். மூன்றும் போகிறது, ஹமீதா. ஓவர்டைம் பார்க்க இந்த வாய் இருக்கிறது. கேலி பண்ணத்தான் நீ இல்லையேடி, பாவி.