தலையோடு ஒரு நாடாப்புழு

மீன் குடலில் நாடாப்புழு தேடிப் பட்டம் வாங்கக் கிளம்பினவளுக்கு வரனும் அமையாது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு ஆளும் வராது. பிஎச்டி கைடு என்கிற கிரகத்திடம் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களிடம் சொன்னால்தான் புரியும். புழுவின் தலை சேதமில்லாமல் கிடைத்தால்தான் அது என்ன இனம் என்று சொல்ல முடியும். தலை கிடைக்காவிட்டால் எனக்குத் தீசிஸ் இல்லை, திருப்பதி யூனிவர்சிட்டியில் இருந்த மூணு வருஷமும் தண்டம்.

குடல் மட்டும்

ஞாயிறு ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு, சித்தூர் மீன் மார்க்கெட்டில் வாளியோடு நின்றேன். திருக்கை வெட்டிக்கொண்டிருந்த ரத்னம்மா அக்காவிடம், மீன் வேண்டாம், குடல் மட்டும் போதும் என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம்மா, நீ படிச்சிக்கினு இருக்கியா, பூனை வளத்துக்கினு இருக்கியா?"

அக்காவின் அன்பு

ஆனாலும் தங்கமான மனசு. அடுத்த வாரம் தடாவிலிருந்து வந்த பெரிய திருக்கையின் குடலை எனக்கென்றே எடுத்து வைத்திருந்தார். பளபளவென்று இருந்தது. லேபில் திறந்து பார்த்தால் மருந்துக்குக்கூட ஒரு புழு இல்லை. அழுகையே வந்துவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"உள்ள ஒரே புழும்மா. படிக்கிற பொண்ணாச்சேன்னு எல்லாத்தையும் வழிச்சிப் போட்டு, மஞ்சத்தூள் போட்டுக் கழுவிக் குடுத்தேன்."

பாகாலா தாண்டும் முன்

இனிமேல் கழுவக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, மறு வாரம் கழுவாத குடலோடு திருப்பதி பஸ் ஏறினேன். பாகாலா வருவதற்குள் ஐஸ் உருகி வாடை கிளம்பியது. திருமலைக்கு மொட்டை போடப் போன குடும்பம் ஒன்று மூக்கைப் பொத்திக்கொண்டு சீட்டு மாறியது. கண்டக்டர் இறங்கச் சொன்னார். யூனிவர்சிட்டி கார்டைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிஎச்டியா தல்லி? எங்க மாமன் பொண்ணுகூட பிஎச்டிதான். அது வாளி எதுவும் தூக்கலயே."

பெயர் சூட்டு விழா

அன்றைக்கு லேபில் அந்தக் குடலில்தான் கிடைத்தது, தலையும் அதிலிருக்கும் கொக்கியும் துளி சேதமில்லாமல் ஒரு புழு! ஒரு மாசம் ஒப்பிட்டுப் பார்த்ததில், இதுவரை யாரும் எழுதாத இனம் என்று தெரிந்தது. லேபில் தனியாக ஆடினேன். பக்கத்து அறையில் இருந்தும் என் வாளி இருந்த பக்கமே தலைகாட்டாத கைடு, அதைப் பற்றிய கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டார். இரண்டாவது துறைத்தலைவர். புழுவுக்கும் துறைத்தலைவர் பெயர்தான். என் பெயர் எங்கே சார் என்று கேட்டேன்.

"கடைசில நன்றி சொல்லியிருக்கேன்மா. அந்த மீன்காரம்மா பேரும் வேணும்னா சொல்லு, தாராளமா சேத்துடலாம்."

அடுத்தவர் உழைத்துச் சாப்பிடுவதை வாயே இல்லாமல் உறிஞ்சிக்கொண்டு சொகுசாக வாழும் ஜீவனை மூணு வருஷம் மைக்ராஸ்கோப்பில் தேடினேனே, பக்கத்து அறைக் கதவைத் தட்டியிருந்தால் போதாதோ!