இடது கையின் கோடுகள்

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். எஞ்சின் அறையில் குழாய், வால்வு, பம்பு என்று எது மக்கர் பண்ணினாலும் அவர் கைதான் முதலில் போகும். விடுமுறையில் தூத்துக்குடிக்கு வந்துவிட்டால் அதே கைகளுக்கு வேறு வேலை. சென்னையில் ஒரு கச்சேரிக்காரரிடம் பழையதாக வாங்கி, பஸ்ஸின் தலையில் ஏற்றிக் கொண்டுவந்த எலக்ட்ரானிக் டிரம்ஸ் எங்கள் முன்னறையில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. வருகிறவர்கள் பாயில்தான் உட்கார வேண்டும்.

ரப்பர் தட்டுகள் என்பதால் பக்கத்தில் நிற்பவருக்கு 'தொப் தொப்' என்றுதான் கேட்கும். முழுச் சத்தமும் அவர் மாட்டியிருக்கும் ஹெட்ஃபோனுக்குள் மட்டும். ஆனால் காலால் மிதிக்கிற பெடல் தரையில் இடித்து, கீழ்வீட்டு அக்காவுக்குத் தலைவலி வந்துவிட்டது. பக்கத்து மீனவ ஊரான தருவைகுளத்திலிருந்து கிழிந்த மீன்வலை ஒன்றை வாங்கிவந்து, மடித்து பெடலுக்கு அடியில் போட்டோம். இடி நின்றது. வீடு ரொம்ப நாளைக்குக் கருவாட்டுக் கடை மாதிரி நாறியது.

அவர் வாசிப்பார், நான் கம்ப்யூட்டரில் பதிவேன். துறைமுகத்துக்கு அருகே சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு டிரம்ஸ் வாசிக்கத் தெரியாது. ஆனால் கையில் கிடைத்ததை நோண்டாமல் இருக்கவும் தெரியாது.

நோண்டியதில் முதலில் தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் பதிந்துகொண்டிருந்தது சத்தமே இல்லை. எந்தத் தட்டில், எந்த நொடியில், எவ்வளவு பலமாக அடி விழுந்தது என்ற சேதியை மட்டும்தான் கம்ப்யூட்டர் வாங்கி வைத்துக்கொள்கிறது. சத்தத்தை அப்புறம் நாம் மாட்டிவிடலாம். ஒருநாள் அவர் வாசித்த பாட்டு முழுவதற்கும் கோயில் மணிச் சத்தத்தை மாட்டிப் போட்டுக் காட்டினேன். ஊரில் உள்ள அத்தனை கோயில் மணியும் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்து அடித்த மாதிரி இருந்தது. அவர் சிரித்துச் சிரித்து ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார்.

திரையில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு நிற்கும். பலமாக அடித்தால் கோடு நெட்டை, மெதுவாக அடித்தால் குட்டை. போன விடுமுறையில் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்காகத் திருவிழாப் பாட்டு ஒன்றுக்கு டிரம்ஸ் பதிந்தோம். இந்த விடுமுறையில் இன்னொரு பாட்டு கேட்டார்கள். வாசித்து முடித்ததும், குட்டையாக நின்ற கோடுகளை மவுஸால் பிடித்துத் தூக்கிவிட ஆரம்பித்தேன். அது வழக்கமாகச் செய்கிற வேலைதான். ஆனால் இந்தமுறை தூக்கிக்கொண்டே இருந்தேன், தீரவில்லை. போன பாட்டில் இவ்வளவு வேலை இருக்கவில்லையே என்று தோன்றியது. தோன்றிய பிறகு சும்மா இருக்க என்னால் ஆகுமா?

பாட்டுக்கு முன்னால் கையைச் சூடாக்க அவர் ஒரே தட்டில் வலது, இடது, வலது, இடது என்று அடித்துப் பழகுவார். பதிகிறோம் என்று சொன்னால் விறைத்துக்கொள்வார் என்பதால், நான் முன்கூட்டியே பதிவை ஓட விட்டுவிடுவேன். அந்தப் பகுதியைத் திறந்து பார்த்தேன். நெட்டை, குட்டை, நெட்டை, குட்டை. கடைசிவரை அப்படியே. போன விடுமுறையின் பதிவைத் திறந்தேன். அதில் கோடுகள் எல்லாம் புதுச் சீப்பின் பல்லைப் போல ஒரே மட்டம்.

"உங்க இடது கைக்கு என்ன?" என்று கேட்டேன்.

"கைக்கு என்ன? தட்டு பழசுளா, தேஞ்சிருக்கும்."

"ரெண்டு கையும் ஒரே தட்டுலதான அடிக்கி?"

"அப்ப குச்சியா இருக்கும்."

டீ போட்டுக் குடிக்கச் சொல்லி அவரை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு, குச்சிகளை இடம் மாற்றி வைத்தேன். திரும்பி வந்து அடித்தார். குட்டைக் கோடு குச்சியோடு போகவில்லை, இடது கையிலேயே நின்றது. திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"என்னளா, கைரேகை பாக்கியா?" என்று சிரித்தார். ஆனால் இடது கையை மடியில் வைத்து மூடிக்கொண்டார்.

எஞ்சின் அறை ஏணி கிட்டத்தட்ட செங்குத்தாக இருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு கையில் சாமான், ஒரு கையால் கைப்பிடி. எண்ணெய்ப் பிசுக்கு, ஆட்டம் வேறு. பலமில்லாத கையோடு அங்கே போகிற ஆளை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டரிடம் போவோம் என்றேன். படுத்ததில் கை மரத்திருக்கும், சரியாகிவிடும் என்றார். டாக்டர் எதையாவது எழுதிவிட்டால் கப்பல் கைவிட்டுப் போகும், கப்பல் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியாமலும் இல்லை.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். கப்பலிலிருந்து அழைப்பு வரும்வரை தினமும் சாயங்காலம் பழக வேண்டும், நான் பதிய வேண்டும். அழைப்பு வரும்போது இரண்டு கைக் கோடும் சமமாக இருந்தால் அவர் கப்பலுக்குப் போகலாம், நான் வாய் திறக்கக் கூடாது. இல்லையென்றால் முதலில் டாக்டர்.

அதன் பிறகு நான் ஆபீஸிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் கம்ப்யூட்டரைப் போடுவேன். இரண்டு கைக் கோடுகளுக்கும் இருந்த உயர வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருநாள் மழை ஈரத்தில் கூடியது, மறுநாள் மறுபடி குறைந்தது. ரப்பர்த் தட்டு ஒரு மனிதரின் கையைப் பற்றி இவ்வளவு சொல்லுமா என்று வியப்பாக இருந்தது. அழைப்பு வந்த வாரம் கோடுகள் ஒரே மட்டமாக நின்றன. "பாத்தியா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். கீழ்வீட்டு அக்காவுக்கும் ஒரு கிண்ணம் போனது.

அவர் கிளம்ப இருந்ததற்கு முந்தைய நாள் சாயங்காலம், பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. வழியனுப்பும்போது அவருக்குக் காட்ட ஆசைப்பட்டு, போன விடுமுறையில் பழகிய பதிவையும் இந்த வாரம் பழகிய பதிவையும் மேலும் கீழுமாகத் திரையில் வைத்தேன். இரண்டும் மட்டம். ஆனால் மேலே நின்றவை நெட்டை மட்டம், கீழே நின்றவை குட்டை மட்டம்.

டிரம்ஸின் செட்டிங் ஏதாவது மாறியிருக்குமோ என்று பார்த்தேன். மாறவில்லை. பிறகு ஒவ்வொரு நாளின் பதிவையும் வரிசையாகத் திறந்தேன். இடது கை முதல் நாள் எங்கே நின்றதோ அங்கேதான் கடைசி நாளும் நின்றது. இறங்கியது வலது கை. ஒரு நாளைக்குக் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம், எனக்குச் சந்தேகம் வராத அளவுக்கு. நடுவில் ஈரத்தின்மேல் பழிபோட்ட அந்த ஒருநாள்கூட வலதுதான் கொஞ்சம் அதிகமாக அடித்துவிட்டது.

கோபத்தில் எனக்குக் காது அடைத்தது. அதோடு சேர்ந்து, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு பிரமிப்பும் வந்தது. நல்ல கையை இவ்வளவு அளவாக நோஞ்சானாக்க எத்தனை கவனம் வேண்டும்! பாடகர் குழுவுக்கு வாசித்தபோதுகூட இப்படிக் கவனித்து அடித்ததில்லை இந்த மனிதர்.

கூப்பிட்டேன். வந்து பார்த்தார்.

"சமமாத்தான இருக்கு" என்றார், சின்னக் குரலில்.

"யார ஏமாத்துதீங்க? கம்ப்யூட்டரையா, என்னையா?"

பாயில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் தானாகவே சொன்னார். போன கப்பலில் எஞ்சின் அறையின் மேல்தட்டில் நின்று ஒரு போல்ட்டை இறுக்கும்போது இடது கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழுந்திருக்கிறது. பிடித்திருந்ததும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை. "கீழ ஒரு ஆள் நின்னான். தோளுக்குப் பக்கத்துலதான் விழுந்துச்சு. அவன் சிரிச்சிட்டு எடுத்துக் குடுத்தான். எனக்குத்தான் அன்னைக்குச் சோறு இறங்கல."

"அதுக்குப் பொறவும் போகணுமா?"

"வீட்டுல உக்காந்து என்னத்தளா செய்ய?"

நான் திரையில் நின்ற குட்டைக் கோடுகளைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, என் முன்னாலேயே கப்பல் ஏஜெண்டிடம் இந்தத் தடவை வரவில்லை, கையைக் காட்ட வேண்டும் என்று சொன்னார். அந்தப் பக்கம் என்னவோ சத்தம் போட்டார்கள். "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டு வைத்தார்.

கட்டின பெட்டியை இருவரும் தொடவில்லை. அவர் எழுந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினார்.

"ரெக்கார்டப் போடு" என்றார்.

போட்டேன். வலது, இடது, வலது, இடது. ஒன்றையும் அடக்காமல் அடித்தார். வியர்வை வழிய, உதட்டைக் கடித்துக்கொண்டு, நிறுத்தாமல் அடித்தார். நிறுத்தின பிறகு திரைப் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"ஒன்னு நெட்டை, ஒன்னு குட்டை" என்றேன்.

"அப்ப சரியாத்தான் பதியுது" என்றார்.