சிவப்புக் கோடு நின்ற இடம்

நாலாவது பாகத்தில் நிறுத்திவிட்டுப் படுத்தோம். மறுநாள் சாயங்காலம் டிவியைப் போட்டால் அந்தத் தொடர் ஆறாவது பாகத்தின் நடுவில் நிற்கிறது. எதுவரை பார்த்தோம் என்று படத்துக்கு அடியில் காட்டும் சிவப்புக் கோடு பாதி தூரம் போயிருந்தது. நீ நிறுத்தாமலே தூங்கியிருப்பாய், அது பாட்டுக்கு ஓடியிருக்கும் என்றாள் டீச்சர். இருக்கலாம். இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் தூங்கிவிடுகிறேன். பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. காலை ஆறு மணிக்கே வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருக்கும் சர்க்கரைக்காரர்களின் கையில் நரம்பு தேட ஆரம்பித்தால் மதியம் வரை தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

டீச்சர் என்பது அவள் பெயர் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் இந்த வாடகை வீட்டுக்கு வந்தபோது, யாராவது கேட்டால் சொல்வதற்காக வைத்துக்கொண்டது. கூடத் தங்கியிருக்கிற டீச்சர். அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறாள், அதனால் பொய்யும் இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கும் அதுவே வாயில் நின்றுவிட்டது. கோபம் வந்தாலும் டீச்சர்தான், பாசம் வந்தாலும் டீச்சர்தான்.

எங்கள் வீட்டில் இரண்டு கட்டில்கள். ஒன்றில்தான் படுக்கிறோம், மற்றதில் துவைத்த துணி கிடக்கும். செந்துறையிலிருந்து அண்ணன் வருவதாகப் போன் செய்தால், துணியை அள்ளிப் பீரோவில் திணித்து, விரிப்பு போட்டு, யாரோ தூங்கி எழுந்தது போலத் தலையணையைக் கொஞ்சம் கசக்கி வைப்பேன். ஆரம்பத்தில் அதைப் பயத்தோடு செய்தேன். இப்போது அலுப்போடு செய்கிறேன்.

அண்ணன் கெட்டவர் இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயசாகியும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னபோது இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார், பிறகு விட்டுவிட்டார். ஆனால் போன வருஷம் தன் வீட்டின் பின்பக்கம் எனக்காக ஒரு ரூம் கட்டினார். டைல்ஸ் போட்டு, தனிக் குளியலறை வைத்து, ஆசையாகக் கட்டினார். வயசான காலத்தில் வாடகை வீட்டில் யாரோ ஒரு டீச்சரோடு நான் ஏன் கிடக்க வேண்டும், தை பிறந்ததும் வந்துவிட வேண்டும், அரியலூரில் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவ்வளவு அன்பாகச் சொல்கிறவரிடம் எந்த வாயால் மறுப்பது? பார்க்கலாம் அண்ணா, பார்க்கலாம் அண்ணா என்றே ஐப்பசி, கார்த்திகையை ஓட்டினேன். டீச்சர் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், எப்போது சொல்லப் போகிறாய் என்று. அப்புறம் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தத் தொடரைக் கண்டுபிடித்தது அவள்தான். ஏதோ வெளிநாட்டுக் கடற்கரை ஊர், அதில் ஆறு சிநேகிதிகள். அவர்களுக்குள்ளேயே காதல், சண்டை, பிரிவு, மறுபடி சிநேகிதம். பிரிந்து போனவள் புதிதாக ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தால் பழையவள் அந்த இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொடுக்கிறாள். தமிழில் குரல் கொடுத்தவர்கள் கோபத்தைக்கூட மேடைப்பேச்சு மாதிரி பேசியிருந்தார்கள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மனசில் தோன்றுவதையெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். ஒருத்திகூட கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவதில்லை. ஒருத்திக்குக்கூட அண்ணன் இல்லை.

ஆனாலும் அந்த ஆறு பேரில் வயசான ஜோடி ஒன்று இருந்தது. முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறவர்கள். ஒருத்திக்கு இடுப்பு வலி, குனிய முடியாது. இன்னொருத்தி கண்ணாடி போட்டுக்கொண்டு, அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து நகம் வெட்டிவிடுவாள். அந்த இடத்தில் இருவரும் எதுவும் பேசமாட்டார்கள். அவர்களுக்காகத்தான் பார்த்தோம்.

சிவப்புக் கோடு மூன்றாவது தடவையும் எங்களுக்கு முன்னால் ஓடிப் போயிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தொடர் வரும் ஆப்பின் கணக்கு அண்ணனுடையது. தன் டிவிக்குச் சந்தா கட்டி வாங்கியபோது, எனக்கும் உதவட்டுமே என்று அவரே வந்து எங்கள் டிவியிலும் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தார். இங்கே பார்ப்பது அங்கேயும் தெரியும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருஷம் தலையணையைக் கசக்கிக் கசக்கி வைத்துவிட்டு, கடைசியில் இப்படி வெள்ளந்தியாக மாட்டிக்கொண்டேன்.

அந்த வீட்டில் இருப்பது அண்ணனும் அண்ணியும் மட்டும். மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். பார்ப்பது யார் என்று டீச்சர்தான் கண்டுபிடித்தாள், கணக்குக்காரி அல்லவா. அண்ணனுக்கு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. அவர் பகல் ஷிப்டில் இருக்கும் வாரம் கோடு நகர்ந்தது. நைட் ஷிப்ட் வாரம், அவர் பகலில் ஹாலில் படுத்துத் தூங்குவார், அப்போது கோடு நின்ற இடத்திலேயே நின்றது.

அண்ணிதான்.

எனக்கு வரன் கொண்டுவந்து கொண்டுவந்து ஓய்ந்தவர் அவர். சிரிக்காத முகம். இங்கே வந்தால் இரண்டு கட்டிலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். எங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் பார்க்கிறார், பார்த்து முடித்து அண்ணனிடம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். தொடரை அழித்துவிடலாம் என்றேன். அழித்தால் இன்னும் அசிங்கம் என்றாள் டீச்சர். மார்கழி முழுக்க நாங்கள் பார்த்த இடத்துக்கும் அண்ணி பார்த்த இடத்துக்குமாக மாறி மாறித் தேடிக்கொண்டிருந்தோம். இரண்டு முறை கோடு பின்னால் போய் அந்த நகம் வெட்டும் இடத்தில் நின்றது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

தையில் ஒரு சனிக்கிழமை கல்லங்குறிச்சி பெருமாள் கோவிலுக்கு வரச் சொன்னார் அண்ணன். அவர் நிலத்தில் மக்காச்சோளம் நன்றாக விளைந்திருந்தது, முதல் மூட்டையைக் கோவிலுக்குக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்னென்னவோ பதில் யோசித்தேன். அரியலூரில் இறங்குவதற்குள் யோசிக்கவும் அலுத்துவிட்டது. தெரிந்தால் தெரியட்டும் என்று ஆகிவிட்டது.

மூட்டையைக் கொடுக்க அண்ணன் போனார். நானும் அண்ணியும் நிழலாகப் பார்த்து உட்கார்ந்தோம். அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, மடக்க முடியாமல் காலை நீட்டிக்கொண்டார். அவர் கால் நகங்கள் வளர்ந்து, ஓரங்களில் பிளந்து போயிருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துப் புடவையை இழுத்து மூடிக்கொண்டார்.

அப்புறம் எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த ரெண்டு கெழவிங்கள்ல ஒருத்திய ஆஸ்பத்திரியில சேத்துருக்காங்களே. செத்துடுறாளா?"

எந்தக் கிழவி என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும்.

"நானும் டீச்சரும் இன்னும் அதுவரைக்கும் பாக்கல அண்ணி."

"பாத்துட்டு சொல்லு. செத்துட்டான்னா நான் பாக்கல. எனக்குத் தாங்காது."

அவ்வளவுதான். எங்களை வேவு பார்க்கிறார் என்று ஒரு மாதம் முழுக்க அந்த மனுஷியைத் திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மூக்கைச் சிந்துவது போல மறைத்துக்கொண்டேன்.

அண்ணன் துளசியும் பிரசாதமுமாக வந்தார். வந்ததும் அதே பேச்சு. தை முடியப் போகிறது, எப்போது வருகிறாய் பாப்பா, வண்டி சொல்லட்டுமா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பேசினார்.

"எங்க வருவா? அந்த ரூம்லதான் சோளம் அடுக்கியிருக்கேன்."

அண்ணனுக்கு அது புதுச் செய்தி. கூரைக் கொட்டகையில் இருந்த மூட்டையெல்லாம் எப்போது ரூமுக்குப் போனது என்று கேட்டார். எலித் தொல்லை, முந்தாநாள் ஆள் வைத்து மாற்றினேன் என்றார் அண்ணி.

"சரி, வித்துட்டா காலியாயிடும்ல."

"அப்பறம் பருத்தி வரும். அப்பறம் முந்திரிக்கொட்டை வரும். எல்லாத்தையும் நான் எங்க கொண்டுபோயி வக்கிறது? அவ அங்க நல்லாத்தான இருக்கா. வுடுங்க."

டைல்ஸ் போட்ட ரூமில் மூட்டையா என்று அண்ணன் முணுமுணுத்தார். எனக்கு அவரை நினைத்தும் பாவமாக இருந்தது. அந்தக் குளியலறைக் குழாயை அவரே போய் அரியலூரில் பார்த்துப் பார்த்து வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் டீச்சரும் கடைசிப் பாகத்தைப் பார்த்தோம். அன்றைக்கு நான் தூங்கவில்லை. கிழவி சாகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள், மற்றவள் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு முழிக்கிறாள், அதோடு முடிந்துவிடுகிறது. இவ்வளவுதானா என்றாள் டீச்சர். எனக்கு அது போதும் போலிருந்தது.

உடனே செந்துறைக்குப் போன் போட்டேன். அண்ணிதான் எடுத்தார். பக்கத்தில் அண்ணன் இருமும் சத்தம் கேட்டது.

"அண்ணி, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அண்ணி பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. யார் நல்லா இருக்காங்களாம் என்று அண்ணன் கேட்டதும் கேட்டது.

"ஒங்க தங்கச்சியும் டீச்சரும்" என்றார் அண்ணி.