வெள்ளிக்கிழமை நண்டு

நாங்கள் சைவக்காரர். ஆனாலும் என் அம்மா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போவார். மெழுகுதிரி கொளுத்தி, முழங்காலில் நின்று, வீட்டு விஷயம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வருவார். எனக்கு வேலை கிடைத்தது, அப்பாவின் கண் ஒப்பரேஷன் சரிவந்தது எல்லாமே அந்தோனியார் செய்தது. ஆனால் நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கப் பையனைக் கல்யாணம் முடிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று மட்டும் அம்மாவின் குரல் மாறியது.

"அந்தோனியாரை நம்பலாம் பிள்ளை. அவற்ற ஆக்களைத்தான் நம்பேலாது."

இரண்டு வருடமாக இதே கதைதான். அம்மாவின் குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று. "வேதக்காரருக்கு நாள் கிழமை ஒண்டும் இல்லை. வெள்ளியிலயும் மீன் பொரிப்பினம். அந்த வீட்டில நீ எப்பிடி இருப்பாய்?" எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் மீன்காரரின் சத்தம் கேட்டால்கூட யன்னலைச் சாத்திவிடுவார். அப்பா வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நண்டென்றால் உயிர். ஆனால் அம்மாவுக்குப் பயந்து முப்பத்தைந்து வருடமாக வெள்ளிக்கிழமைகளில் வாழைக்காய்ப் பொரியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. யாரையும் கேட்காமல் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வரலாம். தோழிகளும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அம்மா ஒரு "ஓம்" சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு வருடம் நாய் மாதிரி அலைந்தேன்.

கடைசியில் இரண்டு குடும்பமும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டால் எல்லாம் சரிவரும் என்று அந்தக் கொட்டாஞ்சேனைப் பையன் முடிவுசெய்தான். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். அவரை நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. கடற்கரைப் பக்கம் புதிதாகக் கட்டிய உயர்ந்த கட்டடம் ஒன்றின் மேல்மாடியில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து சாப்பிடும் கடலுணவு ஹோட்டலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இடம் பிடித்திருந்தான். வெள்ளிக்கிழமை. பிடித்த பிறகுதான் எனக்கு போன் எடுத்தான்.

"தவக்காலம், எங்களுக்கு வெள்ளியில இறைச்சி இல்லை. உங்களுக்கும் இல்லை. அதாலதான் மீன். ரெண்டு பக்கத்துக்கும் பொருத்தம். எப்பிடி என்ர மூளை?"

அந்த மூளையைத் தலையில் வைத்துக்கொண்டு எப்படித்தான் ஒரு கம்பனியை நடத்துகிறானோ தெரியாது. "அட மடையா, வெள்ளியில எங்களுக்கு மீனும் இல்லை" என்று கத்தினேன்.

"நீ சாப்பிடுறாய்தானே?" என்று அவன் உண்மையான குழப்பத்தோடு கேட்டான்.

நான் சாப்பிடுகிறவள்தான். வெள்ளவத்தைக்கு வெளியே போனால் எனக்கு வெள்ளியும் ஒன்று, வியாழனும் ஒன்று. அவன் என்னைப் பார்த்துச் சைவசமயத்தைப் படித்தால் இப்படித்தான் முடியும். முற்பணம் கட்டியாகிவிட்டது, திகதியை மாற்ற முடியாது என்று வேறு சொன்னான். வேறு வழியில்லாமல் அம்மாவிடம் போய், வெள்ளிக்கிழமை, நண்டுக்கடை என்று மெதுவாகச் சொன்னேன். கோபத்தில் வரமாட்டேன் என்பார், பேச்சு இன்னொரு வருடம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "வெள்ளியோ? நல்லதாப் போச்சு. போவம்."

திட்டம் எனக்கு உடனே விளங்கியது. பட்டினி கிடந்து ஆளைத் தோற்கடிப்பதில் என் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. அவ்வளவு பெரிய ஹோட்டலில், அவ்வளவு நண்டுக்கும் இறாலுக்கும் நடுவில், வெறும் தண்ணீரோடு இருந்து காட்டப்போகிறார். ஒரு சொல் கடுமையாகச் சொல்லமாட்டார். "இதுதான் இவையின்ர வீடு" என்று மட்டும் வீடு வந்து சொல்வார், அத்தோடு என் கல்யாணமும் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்வந்து காஞ்சிபுரம் உடுத்தினார். திருநீறும் சந்தனமும் வழக்கத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தன.

டீச்சர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். மெலிந்த உருவம், பருத்திச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. எழும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்து "வாங்க அக்கா" என்றார். அம்மா "சுகமா டீச்சர்?" என்று கேட்டுக் கையை மரியாதையாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். உறவுமுறைக்கு இடம் கொடுக்காமல் டீச்சரோடு நிறுத்தியதை நான் கவனித்தேன்.

இருந்ததும் ஒரு பணியாள் வந்து, சாப்பிடும்போது சட்டை பழுதாகாமல் கழுத்தில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு வெள்ளைத் துணி தந்தார். அப்பா கேட்காமலே கட்டிக்கொண்டார். "மரியாதைக்கு" என்று அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். பிறகு தாம்பாளத்தில் ஒரு நண்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். கால்களைக் கட்டிய களப்பு நண்டு, ஒரு சின்னப் பூனையளவு. உயிரோடிருந்தது. அப்பாவைப் பார்த்துக் கண்ணை ஆட்டியது. அப்பாவும் அதைப் பார்த்தார். அப்படியொரு காதல் பார்வையை நான் வீட்டில் பார்த்ததில்லை.

"எனக்கு ஒண்டும் வேண்டாம் டீச்சர், தண்ணி காணும்" என்று அம்மா புன்னகையோடு முதல் அம்பை விட்டார்.

"எனக்கும் ஒரு துண்டு பாண் போதும் அக்கா. நீங்க சாப்பிடுங்க" என்றார் டீச்சர்.

"ஐயோ, நீங்கள் சாப்பிடுங்கோ."

"இல்ல, விருந்தாளி நீங்கதானே."

நண்டு மிளகில் சிவந்து வந்து மேசை நடுவில் இருந்தது. மணம் மூக்கைத் துளைத்தது. ஒருவரும் தொடவில்லை. அம்மா வெற்றி முகத்தோடு கண்ணாடிக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் பாணைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார். பணியாள் வந்து அப்பாவிடம் குனிந்து, "அங்கள், கேம ஹொந்த நெத்த?" என்று, சாப்பாடு சரியில்லையோ என்ற கவலையோடு சிங்களத்தில் விசாரித்தார். "ஹொந்தய் மல்லி, ஹரிம ஹொந்தய்" என்று ருசியே பார்க்காத நண்டுக்கு அப்பா சிங்களத்திலேயே முதல்தரச் சான்றிதழ் கொடுத்தார்.

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்த அவன் அதைச் செய்தான். மேசையின் அமைதி தாங்காமல் கைக்கு ஒரு வேலை தேடியிருக்க வேண்டும். நண்டின் பெரிய காலை எடுத்தான், இடுக்கியால் உடைத்தான், ஓட்டை நீக்கிச் சதையை முழுதாக வெளியே எடுத்தான், என்னிடம் ஒரு சொல் கேட்காமல் என் தட்டில் கொண்டுவந்து வைத்தான். எப்போதும் செய்கிற மாதிரியே.

அம்மாவின் தலை கடலிலிருந்து என் தட்டுக்குத் திரும்பியது. தட்டிலிருந்து என் முகத்துக்கு வந்தது. கதை கந்தல் என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் அம்மாவைப் பார்க்கவில்லை, அந்தச் சதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிலையிலும் வாயூறியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

படாரென்று ஒரு சத்தம். டீச்சர் மகனின் புறங்கையில் கரண்டியால் ஒன்று போட்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமையில அந்தப் பிள்ளைக்கு ஏன்டா வைக்கிற? அக்கா தண்ணியோட இருக்கிறதப் பார்த்தும் விரதம் எண்டு விளங்கலையா?" பிறகு அம்மாவிடம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா. ஹோட்டல்ல சாப்பாடு எண்டு மட்டும்தான் என்கிட்டச் சொன்னான். இங்க வந்து பார்த்ததும் எனக்கு உயிரே போச்சு. நானே தவக்காலம் தொடங்கின நாளில இருந்து மீனோ இறைச்சியோ தொடுறதில்ல. என்னையும் கொண்டுவந்து நண்டுக்கு முன்னால வச்சிருக்கிறான்."

"நீங்களோ?" என்றார் அம்மா. "வெள்ளி மட்டுமோ?"

"நாப்பது நாளும்."

"அம்மா, நேற்றும் மீன் சமைச்சீங்களே!" என்றான் அவன், கையைத் தடவிக்கொண்டு.

"உனக்குச் சமைச்சன். நான் சாப்பிட்டத நீ பார்த்தியா?"

அம்மா கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தார். அவருக்கு இப்போது கடல் வேண்டியிருக்கவில்லை.

"நான் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான்" என்று தொடங்கினார்.

"பெரிய வெள்ளிக்கு நான் கஞ்சி மட்டும்" என்றார் டீச்சர்.

"கௌரி விரதம் இருபத்தொரு நாள்."

"தவக்காலம் முழுக்கத் தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டேன்."

அம்மா அடங்கிவிட்டார். மூன்று கரண்டி சீனி இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. நாற்பது நாள் சீனியில்லாத தேநீர் என்பது அவர் இதுவரை எந்தக் கடவுளுக்கும் செய்யாத தியாகம்.

"ரெண்டு பேரும் இப்பிடிக் கிடக்கேலாது" என்று அம்மாவே பணியாளைக் கூப்பிட்டு, வெறும் வெள்ளைச் சோறும், கடைசியில் தருகிற தயிரும், கொஞ்சம் உப்பும் கொண்டுவரச் சொன்னார். தயிர் இனிப்பான கித்துள் பாணியோடு அழகாக வந்தது. பாணியை இருவரும் ஒரே நேரத்தில் தள்ளி வைத்தார்கள். கொழும்பிலேயே விலைகூடிய நண்டுக்கு முன்னால் இருந்து, கையால் பிசைந்து, இரண்டு பேரும் தயிர்ச்சோறு சாப்பிட்டார்கள்.

"வீட்டில ஆரும் சேர்ந்து விரதம் பிடிக்கிறேல்லையோ?" என்று அம்மா கேட்டார். குரலில் அந்தப் பழைய கூர் இல்லை.

"இவங்கட அப்பா இருந்தவரைக்கும் சேர்ந்து பிடிப்போம். இப்ப தனியத்தான் அக்கா. மேசையில மீன் இருந்தாச் சரி, நான் என்ன சாப்பிடுறேன் எண்டு இவனுக்குத் தெரியாது." டீச்சர் அம்மாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் தயிர் விட்டார். "ஒரு ஆள் துணைக்கு வந்தா நல்லம். என்ன விரதம் எண்டாலும் பரவாயில்ல. உங்கட வெள்ளியும் நான் சேர்ந்து பிடிப்பேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா கழுத்தில் துணியோடு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நண்டு ஆறிப்போவதைத் துக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கட வீட்டிலயும் நான் தனியத்தான்" என்றார். "இவை ரெண்டு பேருக்கும் இருக்கிறது பக்தியில்லை டீச்சர், பயம்."

முப்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அம்மா தனியாக இருப்பதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. டீச்சரின் மகனை மடையன் என்று திட்டிய வாய் இது.

அம்மா கையைக் கழுவி வந்து பணியாளைத் திரும்பவும் கூப்பிட்டார். நண்டைக் கைகாட்டி, "பார்சல் கட்டுங்கோ" என்றார். அப்பா நிமிர்ந்தார்.

"எங்கட வீட்டுக்குள்ள இண்டைக்கு இது வராது" என்று அம்மா டீச்சரிடம் சொன்னார். "உங்கட பிரிட்ஜில வையுங்கோ. நாளைக்குச் சனிக்கிழமை. மருமகன் எடுத்துக்கொண்டு வரட்டும்."

மருமகன். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு வருடமாக நான் கேட்ட "ஓம்" கடைசிவரை வரவில்லை. அவன் எழும்புவதா விழுந்து கும்பிடுவதா என்று தெரியாமல் தண்ணீர்க் கிளாஸைத் தட்டிவிட்டான். டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்தார், இந்தமுறை அம்மா எடுத்துக்கொள்ளவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

திரும்பி வரும்போது அப்பா வாடகைக் காரில் முன் ஆசனத்தில் இருந்தார். "நாளைக்கு எத்தினை மணிக்கு வாறாராம்?" என்று இரண்டு தரம் கேட்டார். கார் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியது. அம்மா ரோட்டைப் பார்த்தபடியே தொடங்கினார்.

"உடைச்சு, ஓடு எடுத்து, சதையை முழுசா உன்ர தட்டில வைச்சான். அது இண்டைக்குப் பழகின கையில்லை."

மாட்டிக்கொண்டேன். எந்தப் பொய்யை எடுப்பது என்று அவசரமாகத் தேடினேன்.

"வெள்ளிக்கிழமை எண்டு அவனுக்குத்தான் தெரியாது, உனக்குமோ எண்டு வாய் வரைக்கும் வந்தது" என்றார் அம்மா. "கேக்கேல்லை."

"ஏனம்மா?"

அம்மா முன் ஆசனத்தைப் பார்த்தார். அப்பா சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முப்பத்தைஞ்சு வருஷம்" என்றார் அம்மா. "இந்த மனுசன் எனக்கு ஒரு நண்டுக்கால் உடைச்சுத் தந்ததில்லை."