போயுவின் குடுவை

என் அக்கா இர்மெலி 1958இல் பின்லாந்தின் குவோபியோவில் பிறந்தார், மணம் செய்துகொள்ளவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் ஒரு கால்நடை ஆய்வகத்தில் பணிபுரிந்தார். பந்தயக் குதிரையின் தசைநாண் கிழிந்தால், அதன் நெஞ்செலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதிலுள்ள குருத்தணுக்களை மூன்று வாரம் குடுவையில் வளர்த்து, அதே குதிரையின் காலில் செலுத்துவார்கள். வேறொரு குதிரையின் அணு உள்ளே போனால் கால் வீங்கிச் சூடேறலாம். காயம் ஆறாமலே போகலாம். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு குடுவையைத்தான் திறக்க வேண்டும்.

2011 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் இரண்டைத் திறந்தார். உடன் பணிபுரிந்த ரைமோ கதவருகே நின்று அவசரப்படுத்தினார்.

"காபி ஆறுது இர்மெலி! இன்னும் அஞ்சு நிமிஷம் பார்ப்பேன், அப்புறம் உன் பன்னு என் வயித்துல."

ஒன்று, போயு என்னும் காயடித்த ஆண்குதிரையுடையது. மற்றது, வீலியா என்னும் பெட்டையுடையது. குடுவையின் பக்கங்களைக் கிருமிநீக்கத் திரவத்தால் துடைக்கும்போது மை அழிந்துவிடும் என்பதால், பெயரை மூடியில் மட்டுமே எழுதுவது அங்கே வழக்கம். இரு மூடிகளும் தட்டில் அருகருகே கிடந்தன. மூடப் போனபோது எது எதனுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. ஊகித்து மூடினார்.

கதவருகே நின்ற ரைமோகூட இதைக் கவனிக்கவில்லை. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் போயுவின் கால் போகும் என்று சனியும் ஞாயிறும் மாறி மாறி எண்ணிக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை, உரிமையாளர் தௌனோ போயுவை வண்டியில் கொண்டுவந்தார். மழிக்கப்பட்ட முன்னங்காலருகே டாக்டர் ஹெல்வி ஊசியுடன் குனிந்தார்.

"ஹெல்வி, குத்தாதே!" என்றார் அக்கா. "அது போயுவோடதான்னு என்னால சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை ரெண்டையும் சேர்த்துத் திறந்துட்டேன்."

"ரெண்டு நாளா வாயத் தைச்சா வச்சிருந்தே?" என்றார் தௌனோ. குதிரையின் கழுத்திலிருந்து அவர் கை விலகவில்லை.

ஆண், பெட்டை அணுக்களைப் பிரித்தறியும் சோதனை மறுநாள் முடிந்தது. போயுவின் பெயரிட்ட குடுவையில் இருந்தவை பெட்டையின் அணுக்கள்.

புதனன்று சரியான அணுக்கள் செலுத்தப்பட்டன. வேலை போகவில்லை, எழுத்துமூல எச்சரிக்கை வந்தது. அந்தக் காகிதத்தை அக்காவைப் பற்றிய இப்பதிவுடன் இணைத்துள்ளேன்.

அச்சம் மட்டும் விடவில்லை. கோடை முழுவதும் காலைதோறும் தௌனோவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"கால் சூடா இருக்கா?"

"சில்லுன்னு இருக்கும்மா. நேத்தும் சில்லுன்னுதான் இருந்துச்சு. நாளைக்கு நானே கூப்பிடறேன், நீ காபியைக் குடி."

மறுநாள் அவர் அழைக்குமுன்பே அக்கா அழைத்துவிட்டார்.