குழாய்க்குக் கட்டிய எலுமிச்சம்பழம்

தி.நகர் முத்துலட்சுமிக்கு ஜென்ம எதிரி என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு: போர் தண்ணீரின் உப்புக்கறை. நாத்தனாரைக்கூட மன்னித்துவிட்டாள், குழாய் மூக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து நிற்கிற அந்தச் சுண்ணாம்பை அவளால் மன்னிக்க முடியவில்லை. சாத்தான்குளத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்தச் சண்டை நடக்கிறது. தேய்மானம் என்னவோ அவள் கைக்குத்தான்.

புருஷன் கருணாகரனுக்குத் துணிக்கடை. கறை எதுவானாலும் அவருடைய வைத்தியம் ஒன்றுதான்: "ஆசிட்டை ஊத்து." போன பொங்கலுக்குச் சமையலறைக் குழாயில் அவரே ஊற்றினார். கறை போயிற்று, கூடவே அந்தக் குழாயின் பளபளப்பும் போயிற்று. நெடி தாங்காமல் முத்துலட்சுமி ஒரு வாரம் இருமினாள். அன்றோடு ஆசிட் பாட்டிலுக்கு வீட்டில் தடை. "மனுஷி மூச்சு விடணும்லா? புளிப்பு இருந்தாப் போதும், சுண்ணாம்பு தானா எளகும்" என்று எலுமிச்சை, புளி, பழைய மோர் எனக் களத்தில் இறங்கிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் மதுமதியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. கொட்டிவாக்கத்து நகைக்கடைக் குடும்பம், பூர்வீகம் இவர்கள் பக்கம்தான், பையன் அஸ்வின். முன்பு வந்த இரண்டு இடமும் காபி குடித்துவிட்டு, 'சொல்லி அனுப்புறோம்' என்று போனதோடு சரி. இதாவது அமையவேண்டுமே என்று முத்துலட்சுமி வேண்டாத தெய்வம் இல்லை. வருகிறவர்கள் கை கால் கழுவப் போவார்கள். கறையைப் பார்த்தால் பெண்ணின் வளர்ப்பையல்லவா சந்தேகிப்பார்கள்!

ஞாயிறு ராகு காலம் நாலரை முதல் ஆறு. அது கழிந்துதான் வருவார்கள் என்று கணக்குப் போட்டு, சாப்பாடு முடிந்ததும் எலுமிச்சையைப் பாதி பாதியாக வெட்டி, ஒவ்வொரு குழாய் மூக்கிலும் செருகி, பழைய சிவப்பு ரவிக்கையைக் கிழித்து இறுகக் கட்டினாள். ஒரு மணி நேரம் ஊறினால் போதும்.

அவர்களோ ராகு காலத்துக்கு முன்னாலேயே வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மூன்றரைக்கே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் முகம் கழுவிக்கிறேன்" என்று உள்ளே போன பையனின் அம்மா தமயந்தி, போன வேகத்தில் திரும்பி வந்தாள். முகத்தில் இருந்தது வியர்வை மட்டும்தான்.

"இந்த வீட்டுக்கு யாரும் செய்வினை வச்சிருக்காங்களா?"

அஸ்வினின் அப்பா கையிலிருந்த பஜ்ஜியை ஓசைப்படாமல் தட்டில் திரும்ப வைத்தார். 'ஆசிட் ஊத்தியிருந்தா இது வருமா' என்று கருணாகரன் ஒரு பார்வை பார்த்தார்.

முத்துலட்சுமிக்கு அழுகை முட்டியது. கறையை ஒப்புக்கொண்டால் மானம் போகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மாப்பிள்ளை போவான். மானம்தானே, போனால் போகிறது என்று தமயந்தியின் கையைப் பிடித்துக் குளியலறைக்குள் இழுத்துப் போனாள்.

"செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல. போர் தண்ணி உப்புங்க. இதப் பாருங்க."

கட்டை அவிழ்த்து, பழைய டூத் பிரஷால் நாலு தேய்ப்பு தேய்த்தாள். கறை மாவு மாதிரி குழைந்து வழிந்தது. துடைத்ததும் குழாயில் இரண்டு பேர் முகமும் கோணலாகத் தெரிந்தன.

"ஆசிட் இல்லாமலா?" என்றாள் தமயந்தி.

"வெறும் எலுமிச்சம்பழம்."

"எங்க வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு ஆசிட் ஊத்தி ஊத்தி என் கையெல்லாம் வெந்துபோச்சு. கடலோரம்லா, எங்க தண்ணி இதைவிட மோசம்." சொல்லிக்கொண்டே பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகி, அடுத்த குழாயின் கட்டை அவிழ்த்தாள்.

மதுமதி காபித் தட்டோடு ஹாலுக்கு வந்தாள். பெண்ணைப் பார்க்கவேண்டிய மாமியாரைக் காணோம். அப்பாக்கள் இருவரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஸ்வின் மட்டும் அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள், காபி ஆறிப்போனது.

கருணாகரனுக்குப் பொறுக்கவில்லை. குளியலறைப் பக்கம் குரல் கொடுத்தார்: "நாலரை ஆகப்போகுது. ஏதாவது முடிவு சொன்னீங்கன்னா..."

தமயந்தி அடுத்த குழாய்க்கு நகர்ந்தாள். "மதினி, அந்த பிரஷை இங்க குடுங்க" என்றாள் முத்துலட்சுமியிடம்.

அவர்கள் பக்கத்தில் சம்பந்தியம்மாளை மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். முத்துலட்சுமி பிரஷைக் கொடுத்தாள். பிறகு, சத்தம் ஹாலுக்குக் கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு, ஆசை தீர அழுதாள்.